சுவரேறிய விரால்

மீன் பிடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்கு வழக்கு ஒன்றுமில்லை. பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் சுவரில் மாட்டுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நாம் பார்க்கப்போவது அவரை. கண்டுபிடிப்பது சுலபம். மழையைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு மீனுக்கு வரும். தேயிலைக் கொழுந்து விலையைக் கேளுங்கள், அதுவும் மீனுக்கு வரும். சாவு வீட்டுக்கு வந்தால்கூட, நாற்காலியில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, "அன்னைக்கும் இப்புடித்தாங்க வானம் மூடிக்கிட்டு இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார். எழுந்து ஓடவா முடியும்?

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் புவனேந்திரன் இந்த இனத்தில் சேர்ந்தது ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில். மனைவி ஜீவராணியோடு மகியங்கனைப் பக்கம் போனவர், ஒரு குளத்து விராலோடு திரும்பினார். நல்ல விரால்தான், முழங்கை நீளம் இருக்கும். வேன் பதுளைக்கு ஏறி வருவதற்குள் அது முழுக்கை நீளமாயிற்று. மறுநாள் தோட்டத்து ஆபீசில் மேசையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நீண்டு, வாலை வெளியே தொங்கப்போட்டது.

எல்லாரும் தலையாட்டினார்கள். தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஷெல்டன் மட்டும் ஆட்டவில்லை.

"போட்டோ ஒண்ணும் எடுக்கலீங்களா, ஐயா?"

"மீனே வீட்டுல இருக்கு, போட்டோ என்னாத்துக்கு? பாடம் பண்ணி மாட்டப்போறேன், வந்து பாருங்க!"

வாய் முந்திக்கொண்டது. இனி மீன் சுவரேறாமல் தீராது. அன்று சாயந்தரம் அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்தபோது, ஜீவராணி கையில் அரிவாள்மனையோடு நின்றாள்.

"மசாலா அரைச்சாச்சுங்க."

"அத வச்சுக் கத்தரிக்கா கொழம்பு வையி" என்று சொல்லிவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு இறங்கினார்.

டவுனில் ஒரு மாடியறையில், செத்த உயிரினங்களை உயிரோடிருப்பதுபோல் பாடம் செய்து கொடுப்பவர் ஸஹாப்தீன். வாசலிலேயே ஒரு காட்டுப்பன்றித் தலை வாய் பிளந்து வரவேற்கும். அவர் விராலைப் புரட்டிப் பார்த்தார்.

"வாயத் தொறந்து வைக்கவா, மூடி வைக்கவா?"

"தொறந்து. ஆளக் கடிக்க வர்ற மாதிரி."

"கண்ணு?"

"கோவமா."

ஸஹாப்தீன் ஒரு டப்பாக் கண்ணாடிக் கண்களைக் கொட்டினார். இருந்ததிலேயே பொல்லாத சோடியைப் பொறுக்கிக்கொடுத்த புவனேந்திரன், கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம்... நீட்ட முடியுங்களா?"

ஸஹாப்தீனுக்கு ஆச்சரியமே இல்லை. அந்தப் படியேறி வருகிற எல்லாரும் கேட்பதுதானே? பன்றி கொண்டுவந்தவர் பல்லை நீட்டச் சொல்லியிருந்தார்.

"இழுத்தா தோலு கிழிஞ்சிரும் சேர். வேணும்னா பலகையச் சின்னதாக்கித் தாறேன். மீன் பெருசாத் தெரியும்."

"ஆக்குங்க. இன்னுங் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம் ஆக்குங்களேன்!"

கடைசியில் தலையும் வாலும் இரண்டு பக்கமும் வெளியே நிற்க, மீனின் வயிற்றுக்கு மட்டும் பலகை மிஞ்சியது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் புவனேந்திரனின் குவாட்டர்ஸ் வீட்டுக்கு வந்தார்கள். ஜீவராணியின் புதுத் துவாய்த் துண்டால் மூடியிருந்ததைப் புவனேந்திரன் சரக்கென்று இழுத்தார். சுவரில் விரால், மகா கோபத்தோடு, முழங்கை நீளத்தில் நின்றது.

ஷெல்டன் கிட்டே போனார். சட்டைக் கையை மடித்துவிட்டு, தம் முழங்கையை மீனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னாங்க ஐயா, ஆபீஸ் மேசை மாதிரின்னீங்க. இது என் கைக்கே வரலியே?"

சிரிப்பு கிளம்பியது. புவனேந்திரனுக்குக் காது சிவந்தது. அவர் சொன்ன தொகையைத் தோட்டத்தில் யாரும் மறுகேள்வி கேட்டதில்லை. நாளைக்கு அவர் எழுதும் கொழுந்து எடைக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு முழங்கை வந்து நின்றால்? விராலைப் போலவே வாயைப் பிளந்தார்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த ஜீவராணி தட்டை ணங்கென்று வைத்தாள்.

"பாடம் பண்ணுனா சுருங்கும் தம்பி. புடிச்சப்ப இம்புட்டு இருந்துச்சு!" இரண்டு கையையும் விரித்தாள். ஒரு கை அலமாரியில் இடித்தது. இன்னொரு கையிலிருந்து ஷெல்டன் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டார்.

"நீங்க கண்டீங்களாக்கா?"

"கண்டேனாவா? இழுத்ததே நான்தானே! இவரு தூண்டில என் கையில குடுத்துட்டு பிளேன்டீ குடிக்கப் போயிட்டாரு. வெடுக்குன்னு இழுத்துச்சு பாருங்க, நானே தண்ணிக்குள்ள போயிருப்பேன்!"

எல்லாத் தலைகளும் புவனேந்திரன் பக்கம் திரும்பின. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவள் சொல்வது பொய் என்றால் நீளமும் பொய். நீளம் மெய் என்றால் மீன் அவளுடையது. ஒரு வாய்த் தேத்தண்ணி விழுங்குகிற நேரம் அவர் யோசித்தார்.

"ஆமா... அம்புட்டு நீளந்தான்" என்றார்.

மீனை விட்டுக்கொடுத்து நீளத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஷெல்டன் சட்டைக் கையை இறக்கிவிட்டார். ஆட்கள் போனபிறகு ஜீவராணி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, கொழம்பு போன கோவத்துல கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேனோ?"

"இப்ப போயிக் கொறைச்சிறாத" என்றார் அவர் பதறிப்போய். "அத விட்டா எனக்கு என்னா மிஞ்சும்?"

அவள் குறைக்கவில்லை. இப்போது இருவருமாகச் சேர்ந்துதான் கதை சொல்கிறார்கள். அவள் இழுப்பாள், அவர் பிளேன்டீயைக் கொட்டிவிட்டு ஓடி வருவார். போன வாரம் லுணுகலையில் ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது குளத்தில் முதலை ஒன்றும் இருந்ததாம். அதை யார் முதலில் பார்த்தது என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நெத்தலிகூட இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பஸ் கொண்டக்டருக்கு நீங்கள் சுடச்சுடக் கொடுத்ததாக நேற்று நாலு பேரிடம் சொன்னீர்களே ஒரு பதில், அது உண்மையில் வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதானே உங்களுக்குத் தோன்றியது?