அடியில் எழுதிய பாவம்

மலைக்கோயிலுக்குப் பன்னிரண்டு நாள் நடை. பக்தி இருப்பவர்களுக்குக் கால் போதும். பாவம் இருப்பவர்களுக்குக் கூடவே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டும் என்று கண்டுபிடித்தவர் மூடிச் சாமியார்.

விதி எளிது. சாமியார் மந்திரித்து, மூடிமேல் மஞ்சள் காகிதம் ஒட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்க வேண்டும். பாவத்தை நினைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். காலிப் பாட்டிலைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். திரும்பிப் பார்த்தால் பாவம் இரட்டிப்பாகும்.

வீட்டிலிருந்து செம்பு கொண்டுவந்தால்?

"செம்புல பாவம் ஒட்டிக்கும். தேய்ச்சாலும் போகாது" என்றார் சாமியார். ஆயிரம் செம்புகள் பைக்குள் போயின. சாமியாரின் எவர்சில்வர் குடுவை மட்டும் அவர் மடியிலேயே இருந்தது. மகான்களுக்கு ஒட்டாது போலிருக்கிறது.

கூட்டத்தின் வாலில் முதலுதவி வேன் ஊர்ந்தது. அதிலிருந்த நர்சுக்கு மூன்று நாள் கால் கொப்புளம்தான் வேலை. நான்காம் நாள் வாந்தி பேதி தொடங்கியது. ஐந்தாம் நாள் காலையில் வேன் பெஞ்சில் சுருண்டு கிடந்தது அவளுடைய மாமியார்.

"அத்தை, காய்ச்சி ஆறவெச்ச தண்ணி. உப்பும் சர்க்கரையும் போட்டிருக்கேன். ரெண்டு வாய் குடிங்க."

"சாமியார் தண்ணி இருந்தா குடு. உன் கூஜாத் தண்ணி வேண்டாம்."

"அதைக் குடிச்சுத்தானே இப்படிக் கிடக்கீங்க?"

"பாவம் வெளியே போகுதுடி. அப்படித்தான் போகும்."

உதடு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. ஊசி, ஆஸ்பத்திரி என்றாலே, "நடை முறிஞ்சிடும்" என்று கையை இழுத்துக்கொண்டார். இப்படியே ஒரு நாள் போனால் என்ன ஆகும் என்று நர்சுக்குத் தெரியும்.

யாரும் திரும்பிப் பார்க்காத சாலையை அவள் மட்டும் வேனின் பின்கண்ணாடியில் பார்த்தாள். சாமியாரின் சீடர்கள் இருவர் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். கொப்புளத்துக்கு மருந்து போட வந்த தையல்காரரிடம் சொன்னாள்.

"ரோட்டைச் சுத்தம் பண்றாங்கம்மா. என்ன ஒரு தொண்டு!" என்று அவர் உருகினார்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. மருந்துப் புட்டிகளில் பெயர் எழுதும் அழியா மைப் பேனாவை எடுத்தாள்.

"அண்ணே, இத்தனை பேர் பாவமும் ஒண்ணாக் கிடக்குதே, ஆள் மாறிடாதா? பாட்டில் அடியில எழுதிப் போட்டா நல்லதில்ல?"

தையல்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தக் கூட்டத்துக்கு எதுதான் நியாயமாகப் படவில்லை? மத்தியானத்துக்குள் பேனா நூறு கை மாறியது. மாமியாரும் மருமகளுக்குத் தெரியாமல், குடித்து முடித்த தன் பாட்டிலின் அடியில் கையால் மறைத்து எழுதி, ஜன்னல் வழியே வீசினார்.

மாலை முகாமில் சாமியார் முன்கூட்டியே போய்ப் 'புது' பாட்டில்களோடு காத்திருந்தார். மஞ்சள் காகிதத்தில் பசைகூடக் காயவில்லை. நர்ஸ் ஒரு கையில் கூஜாவோடு மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"வாங்கினவங்க எல்லாரும் குடிக்கிறதுக்கு முன்னாடி அடியைப் பாருங்க!"

லாரி டிரைவர் ஒருவர் பாட்டிலைக் கவிழ்த்துப் படித்தார்: "'கல்யாணத் துணியில் அரை மீட்டர் சுட்டேன்.' யாருய்யா இது?"

தையல்காரர் குனிந்து செருப்பைத் தேடினார். பக்கத்தில் இன்னொருவர் படித்தார்: "'அண்ணன் கையெழுத்தை நானே போட்டேன்.'" அதுவரை தோளில் கை போட்டு நடந்த இரண்டு சகோதரர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

சாமியார் சளைக்கவில்லை. "பாவம் திரும்பி வந்திருக்கு! உங்க பக்தி பத்தல!"

"பாவம் வரட்டும் சாமி. காலிப் பாட்டில் எப்படித் தண்ணியோட, மூடியோட, காகிதத்தோட வந்துச்சு?" என்றாள் நர்ஸ். "சரி, நீங்க ஒரு வாய் குடிங்க, பார்ப்போம்."

சாமியாரின் கை தானாக எவர்சில்வர் குடுவைக்குப் போனது.

டிரைவர் பந்தலின் பின்திரையை இழுத்தார். ஒரு சாக்கு நிறையப் புது மூடிகள். பக்கத்தில் குளத்துத் தண்ணீர் நிரம்பிய டிரம். அதில் ஒரு தவளை, பாவம் ஏதுமில்லாமல், நீந்திக்கொண்டிருந்தது. ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பாட்டிலை ஒன்பது முறை விற்ற மகான் எழுந்து ஓடினார். திரும்பிப் பார்க்கவே இல்லை. தன் விதியை அவர் கடைப்பிடித்தது அந்த ஒருமுறைதான்.

டிரைவர் விடவில்லை. அடுத்ததைப் படித்தார்: "'மருமகள் சமையலில் உப்பே இல்லை என்று மகனிடம் சொன்னேன். உப்பு இருந்தது.' இது யாருது?"

மாமியார் வானத்தைப் பார்த்தார். நர்ஸ் அவரைப் பார்த்தாள்.

"என்னடி பார்க்கிறே? அந்தக் கூஜாவைக் குடு."

கடகடவென்று பாதிக் கூஜா இறங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு ஜாஸ்தி."

மறுநாள் பைகளிலிருந்து செம்புகள் வெளியே வந்தன. சாலையில் பாட்டில் இல்லை. பாவம் இருந்ததா என்று தெரியவில்லை. அது கண்ணுக்குத் தெரியும் பொருள் அல்ல. தெரியும் பொருளையாவது திரும்பிப் பாருங்கள், மக்களே. கழுத்து அதற்காகத்தான் திரும்புகிறது.