அக்கா வீட்டுக்கு ஒரு பேரம்

இந்த வருஷம் அக்காவைப் போய்ப் பார்த்தே தீருவது, அதுவும் தனியாக, பிள்ளைகள் இல்லாமல், பெண்டாட்டி இல்லாமல், கையை வீசிக்கொண்டு போவது என்று முடிவு செய்தபோது, கறார் ஒரு பழைய வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பெரிய முடிவுகளை அவர் அங்கேதான் எடுப்பார். அவ்வளவு அமைதியான இடம் வீட்டில் கிடையாது.

கறார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தெரு வைத்தது. ஓடாத ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் வாங்கி, தட்டிக்கொட்டி, புதுசு மாதிரி விற்கிற கடை அவருடையது. அடிபட்டு மிதிபட்டு, ஒருத்தன் தயவும் இல்லாமல் எழுப்பிய கடை. அங்கே அவர் கற்றது இரண்டு வித்தை. ஒன்று, வேண்டியதை வாய்விட்டுக் கேட்கவே கூடாது. நடக்காத ஒன்றைப் பெரிதாகக் கேட்டு, எதிராளி பதறியதும், 'சரி, போகட்டும்' என்று பெருந்தன்மையாக இறங்கி வந்து, நிஜமாக வேண்டியதைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு, கடைசிக் கட்டத்தில் 'நீங்களே வச்சுக்கோங்க' என்று பொருளை வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவான். கூப்பிடாத ஆளைக் கறார் இன்னும் சந்திக்கவில்லை.

அக்கா கடல் கடந்து போய் ஆறு வருஷம். போன வாரம் ஃபோனில், "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்டா" என்று மாடியறையைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சும்மா ஒரு மரம். 'அப்பா, இவன் என்னைக் கிள்ளிட்டான்' என்ற குரல் கேட்காமல் அந்தக் கட்டிலில் பத்து நாள் உருள வேண்டும். அக்கா கையால் காப்பி குடிக்க வேண்டும். அன்றிலிருந்து கறாருக்கு உடம்பு ஓர் இடத்தில் நிற்கவில்லை. மெஷினைக் கழற்றியது கழற்றியபடி போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. கன்னம் வீங்கிக் குதிக்கிறவர்களை 'உட்காருங்க' என்ற ஒரே சொல்லில் உட்கார வைத்துப் பழகியவள். கறார் உள்ளே போனார், வெளியே வந்தார். ஃபேனைப் போட்டார், அணைத்தார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார்.

"அக்கா வீட்டுக்குப் போறோம். எல்லாரும். அஞ்சு பேரும்!"

அவள் இப்போது பதற வேண்டும். 'இந்தப் பசங்களை வச்சுக்கிட்டு ப்ளேன்லயா? நீங்க மட்டும் போயிட்டு வாங்க' என்று கும்பிட வேண்டும்.

"சரி" என்றாள்.

கறாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சரி? பெரியவ பரவாயில்ல, தன் வேலையைத் தானே பார்த்துப்பா. அந்த ரெண்டு பயலுங்க? போன வாரம் கடையில ஒரு பாட்டில் ஷாம்பூவை மெஷின்ல ஊத்தி ஓட்டுனானுங்க. தெரு முனை வரைக்கும் நுரை! ப்ளேன்ல விட்டா பைலட்டை எழுப்பிட்டு அவனுங்க உட்காருவானுங்க!"

"அதுவும் சரிதான். அப்ப பசங்க வேண்டாம். நாம ரெண்டு பேரும் போவோம்."

ஐந்து, ஒரே தட்டில் இரண்டானது. கறாருக்குத் தெம்பு வந்தது. இன்னும் ஒன்றே ஒன்றுதான்.

"போலாம்தான். பசங்களை யாரு பார்த்துக்கிறது?"

"என் தம்பி வருவான்."

"உன் தம்பியா! அவனைப் பார்த்துக்கவே ஒரு ஆள் போடணும். போன தடவை விட்டுட்டுப் போனோமே, மூணு வேளையும் பிஸ்கட்! அதுலயும் பாதியை அவன் தின்னுருக்கான்!"

"எதிர் வீட்டு நர்ஸம்மா?"

"அந்தம்மா வீட்டுக்கு வர்றதே தூங்கத்தான். பெத்த பிள்ளைங்களைத் தவிக்க விட்டுட்டு ஜோடியா ஊர் சுத்தினா நாலு பேர் காறித் துப்புவாங்க. யாராவது ஒருத்தர் வீட்டுல இருந்தே ஆகணும்!" மேஜையில் ஓங்கித் தட்டினார். ஒரு வெங்காயம் உருண்டு ஓடியது.

"ரொம்ப சரி. ஒருத்தர் போகணும், ஒருத்தர் இருக்கணும்."

"அதேதான்!"

"சரி."

அப்புறம் அவள் பேசவில்லை. யார் போவது, யார் இருப்பது? முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான் என்பது கறாருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவள் ஒரு வெங்காயத்தை உரித்தாள். இன்னொன்றை எடுத்தாள். வரிசையில் யாரும் இல்லாத மாதிரி நிதானமாக உரித்தாள். கறாருக்குக் கால் அரித்தது, காது அரித்தது, கடைசியில் நாக்கே அரித்தது. இரண்டாவது வித்தையை எடுத்துவிட்டார்.

"நீயே போயிட்டு வாம்மா." குரலில் தியாகம் சொட்டியது. "நான் கிடக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். கூப்பிடுவாள். திருப்பத்தில் நின்று செருப்பு வாரைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. கூப்பிடுவாள். கீழே போய்க் கேட்டைத் திறந்தார், மூடினார், மறுபடியும் சத்தமாகத் திறந்தார். மேலே எதுவோ இழுபடும் சத்தம். வருகிறாள்! முகத்தை விறைப்பாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் வரவில்லை.

எதிர் வீட்டு நர்ஸம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, உள்ள போறீங்களா, வெளிய போறீங்களா?"

"கேட்டு சரியா இருக்கான்னு பார்க்கிறேன்!" என்று அவள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறினார்.

கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. பெரியவள் அம்மாவின் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஃபோனில் இருந்தாள்.

"அண்ணி, அவரே சொல்லிட்டாரு. நான் வாயே திறக்கல."

"இந்தா! நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

"ஒரே பேச்சு ஆளுன்னுதானே ஊரே உங்களைக் கறார்ங்குது?"

கறார் ஃபோனைப் பிடுங்கினார். "அக்கா! நான் உன் கூடப் பிறந்தவன்!"

"அதனாலதான்டா உன்னைத் தெரியும். பாதி மிட்டாய் வேணும்னா முழுசாக் கேக்கிற பயதானே நீ? பத்து நாள் நிம்மதியாத் தூங்கணும் அண்ணின்னு அவ அழுதா. நான்தான் சொன்னேன், அவன் எதைச் சொன்னாலும் சரின்னு சொல்லு, மிச்சத்தை அவனே பேசி முடிச்சுடுவான்னு."

கறார் கட்டிலில் பெட்டிக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப நான் உன்னைப் பார்க்கவே வேண்டாமா?"

அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. "ஏன்டா அப்படிச் சொல்றே? அவ திரும்பினதும் ஸ்கூல் லீவு வருதில்ல, நீ கிளம்பி வா. மூணு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. அவ வீட்டுல கொஞ்சம் காலை நீட்டட்டும்."

"மூணு பேரையுமா? தனியாவா? முடியவே முடியாது! ரெண்டு பேருன்னா சொல்லு, பார்க்கலாம்!" பாழாய்ப்போன வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"சரிடா, உனக்காக ரெண்டு. பெரியவ அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும். பயலுங்களை மட்டும் கூட்டிட்டு வா."

"அப்படி வா வழிக்கு!"

ஃபோனை வைத்தார். இத்தனை அடியிலும் பேரத்தில் ஒன்றைக் குறைத்துவிட்டோமே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹாலுக்கு நடந்தார். பாதி வழியில் கால் நின்றது. மூன்று பிள்ளைகளில் அவர் அடித்துப் பேசிக் கழித்தது, சொன்ன பேச்சைக் கேட்கிற அந்த ஒன்றை.