டெக்ஸ் மார்லினின் வேர்வைத் துண்டு

"ஏட்டி ஷெர்லின், கண்ணாடிப் பெட்டியில இருந்த துண்டை எங்க?"

"பிரின்ஸ் குளிக்க எடுத்துட்டுப் போயிருக்கான்" என்று அடுக்களையிலிருந்து மனைவியின் பதில் வந்தது. பென்னி சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அது லேசுப்பட்ட துண்டா? அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் பாடி, இடுப்பை ஆட்டி, ஜனங்களுக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்த டெக்ஸ் மார்லின், கடைசிக் கச்சேரியில் கழுத்து வேர்வையைத் துடைத்துக் கூட்டத்துக்குள் வீசியது; பென்னி இணைய ஏலத்தில் காசைக் கொட்டி வாங்கியது. பார்க்க வெறும் வெள்ளைத் துண்டுதான். மகிமையெல்லாம் அந்த வேர்வையில்தான். ஜெபம் பண்ண மறந்தாலும் பென்னி அதை மோந்து பார்க்க மறக்கமாட்டான். அதற்குப் பிறகுதான் டைல்ஸ் கடையைத் திறப்பான்.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரன் வீடு சத்திரம்தான். வருகிற சொந்தக்காரர்கள் எண்ணெய், சோப்பு எல்லாம் கொண்டு வருவார்கள், துண்டு மட்டும் கொண்டு வரமாட்டார்கள். கையில் அகப்பட்டதைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஷெர்லினின் தம்பி பிரின்ஸும் தூத்துக்குடியிலிருந்து அப்படித்தான் வந்திருந்தான்.

மறுநாள் மார்லின் ரசிகர் மன்றத் தலைவர் சிவசுப்பிரமணியன் மதுரையிலிருந்து வருவதாக இருந்தது. அவரிடமும் மார்லின் துண்டு ஒன்று உண்டு. பென்னியின் துண்டும் அசல்தான் என்று அவர் மூக்கு சொல்லிவிட்டால் பென்னி மன்றச் செயலாளர். இல்லையென்றால் போலி ஆசாமி என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு மானத்தை வாங்கிவிடுவார். மார்லின் மாதிரி அகலக் கிருதாவும் மினுக்குச் சட்டையுமாகத் திரிந்து ஊர்க்கேலி மட்டுமே சம்பாதித்தவனுக்கு இதை விட்டால் மரியாதை வர வேறு வழியே கிடையாது.

பிரின்ஸ் ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு வந்தான். துண்டு பளிச்சென்று இருந்தது.

"ஒரே அழுக்கா வச்சிருந்தியளே அத்தான். நல்லா அலசிட்டேன்" என்றான்.

பென்னிக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டு ஈரமானதற்குத்தான் மனுசன் அழுகிறான் என்று நினைத்த ஷெர்லின், பாவம் பார்த்து அதை மெஷினில் போட்டு, சொட்டுநீலமும் விட்டுக் காயவைத்தாள். நீலத்தை மறைக்கப் பென்னி டீத்தண்ணீரில் முக்கினான். துண்டு டீக்கடை வடிதுணி மாதிரி ஆனதுதான் மிச்சம்.

சரி, கழுதை, வேர்வைதானே என்று புதுத் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தெருவில் ஓடினான். சாரல் முகத்தில் அடித்தது, காற்று குளிர்ந்தது. தும்மல் வந்ததே தவிர வேர்வை ஒரு சொட்டு வரவில்லை.

"இந்தக் குளுருல எவனுக்கு வேர்க்கும்? குத்தாலத்துல எண்ணெ தேய்ச்சு விடுதாங்களே, அவங்களுக்கு வேணா வேர்க்கும்" என்று ஷெர்லின் எரிச்சலில் சொன்னாள். பென்னி உடனே பைக்கை எடுத்தான்.

பேரருவிப் பக்கம் சுடலைமாடன் காலையிலிருந்து ஆட்களைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டு வேர்வையில் ஊறிப்போயிருந்தது. பென்னி புதுத் துண்டை நீட்டி, அதைத் தரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எதற்கென்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தண்ணி படாமப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் வந்த தலைவருக்குக் கிருதா தாடை வரை இருந்தது. பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"தம்பி, இது நம்ம மார்லின் வேர்வையேதான்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க வீட்டுத் துண்டும் அச்சு அசல் இதே வாசம்."

அந்த இடத்திலேயே செயலாளர் பதவியைக் கொடுத்து, போட்டோவும் எடுத்துக் குரூப்பில் போட்டார். ஷெர்லின் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பென்னிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், சுடலைமாடன் வேர்வைக்குக் கண்கலங்குகிற இந்த மூக்குக்கா இவ்வளவு பயந்தோம் என்று தலைவர்மேல் ஓர் இளக்காரமும் வந்தது.

வந்தது வந்தோம், அருவியில் ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தார். ஐந்தருவிக்குப் போவோம் என்று பென்னி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. பேரருவிக்கே கூட்டிப்போனார்.

தூரத்திலேயே சுடலைமாடன் பார்த்துவிட்டார். செயலாளர் பதவி ஒரு நாள்கூட நிலைக்காது போலிருக்கிறதே என்று பென்னி தலைவரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். சுடலைமாடன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பென்னியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேராகத் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. போன சீசன்ல எங்கிட்ட வாங்கிட்டுப் போனியளே வேர்வைத் துண்டு, அதுக்குள்ள மணம் போயிட்டா?"