ஹெல்மெட் அக்கா போட்ட எட்டு

சங்ககிரி வட்டாரத்தில் வண்டியே இல்லாமல் ஹெல்மெட் மாட்டித் திரிந்த ஒரே ஜீவன் எங்கள் ஹெல்மெட் அக்காதான். மறுப்பவர்களை என்னிடம் அனுப்புங்கள், நேரில் பேசிக்கொள்கிறேன்.

நான் அப்போது ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜை அக்காவுடையது. எந்த லாரிக்கு எங்கே லோடு என்று போனில் பேசி முடிப்பது அவர் வேலை. வயது நாற்பத்திரண்டு, உயரம் ஹெல்மெட்டோடு சேர்த்து ஐந்தடி. ஸ்கூட்டர் வாங்கும் முன்பே சிவப்பு ஹெல்மெட் வாங்கிவிட்டார். திருச்செங்கோட்டிலிருந்து அதை மாட்டிக்கொண்டே பஸ்ஸில் வருவார்.

"பஸ்ஸுக்குள்ள எதுக்குங்க அக்கா இது?"

"வண்டி ஓட்டறவ தல, எப்பவும் ஓட்டறவ தலயாட்டத்தான் இருக்கோணும் சாமி."

தன் தம்பியின் ஸ்கூட்டரை எடுத்துப்போய் லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை தோற்றார். தோற்றார் என்று சொல்வது நாம். முதல் முறை வண்டி பாதி வளைவில் நேராக வேலிக்குள் போய்விட்டது. "எட்டுப் போடச் சொன்னாங்க, நான் ஒம்போது போட்டேன். அந்த அதிகாரிக்கு அத்தன தூரம் எண்ணத் தெரியலீங்க" என்றார். இரண்டாம் முறை காலை ஊன்றிவிட்டார். "தர கெட்டியா இருக்குதான்னு பாத்தேன்." மூன்றாம் முறை இவரைக் கண்டதும் அதிகாரி புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாராம். "என்ற வேகத்துக்குக் குடுத்த மரியாதைங்க."

வேடிக்கை என்னவென்றால், இவர் பெரிய ஓட்டுநர் என்று ஊரும் நம்பியது. இருபது வருடம் லாரி ஓட்டிய மீசைக்காரர்கள்கூட, அவர் வாசலில் நின்று கையை ஆட்டினால் கேள்வி கேட்காமல் ரிவர்ஸ் எடுப்பார்கள்.

அப்படியிருக்கையில் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். "பார்ட்டிங்க சிரிக்கறாங்கம்மா. நாளையிலிருந்து அது வேண்டாம்" என்றார். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அலமாரி மேல் வைத்தார்.

ஹெல்மெட் இல்லாத அந்த வாரம் எதுவுமே சரியாக நடக்கவில்லை. ராசிபுரம் போக வேண்டிய லோடு ஓமலூருக்குப் போனது. போனில் எதிர்முனை, "சத்தமா பேசுங்க, கேக்கல" என்று அதட்டியது. எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின் ஆறிப்போன டீ அவருக்கு வந்தது. ஒரு மதியம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு வண்டி வராதாட்ட இருக்குது சாமி."



மறுநாள் காலை ஆபீஸ் சந்தில் ஒரு நீள டிரெய்லர் திரும்ப முயன்று, குறுக்கே மாட்டிக்கொண்டது. அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ்; உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். பத்துப் பேர் பத்து யோசனை கத்தினார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

என் பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். அக்கா அதன்மேல் ஏறி ஹெல்மெட்டை எடுத்தார், மாட்டினார், வெளியே நடந்தார்.

"எல்லாரும் வாய மூடுங்க! டிரைவரண்ணா, என்னைய மட்டும் பாருங்க!"

சந்தே அடங்கியது.

"இடது பக்கம் ஒடிங்க... வாங்க, வாங்க, வாங்க... போதுமுங்க! இப்ப நேராக்குங்க!"

முன்னும் பின்னுமாக ஆறு முறை. சுவருக்கும் டயருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். டிரெய்லர் நேரானது, ஆம்புலன்ஸ் பறந்தது. தாமதமாக வந்து சேர்ந்த போலீஸ்காரர் அக்காவைப் பார்த்து விறைப்பாக நின்று, "மேடம் எந்த ஸ்டேஷனுங்க?" என்றார்.

"புக்கிங்குங்க."

சாயங்காலம் செய்தி வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மேனேஜர் ஹெல்மெட்டைப் பற்றி அதன்பின் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் நான்காவது தேர்வு. நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். அக்கா முழுசாக, வழுவழுவென்று எட்டுப் போட்டார். நிற்காமல் இன்னொன்றும் போட்டார்.

"போதும்மா, நிறுத்துங்க!" என்று அதிகாரி கத்தினார்.

"இருக்கட்டுங்க, கைப்பழக்கம்!"

லைசென்ஸ் வந்தது, பழைய ஸ்கூட்டர் ஒன்றும் வந்தது. அதில் ஆபீஸ் வந்த முதல் நாள், வேலை முடிந்ததும், "யாரு வாரீங்க? பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன்" என்றார். ஆபீஸ் முழுக்கத் தலையைக் குனிந்து எதையோ தேடியது. நான் ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் இருந்த இரண்டு வேகத்தடைகளையும் அக்கா வேகத்தடையாக மதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வந்தது. என் வீட்டுக்கு எதிர்த்திசை என்று தெரிந்தும், அவர் தோளிலிருந்து கையை எடுக்காமல் சொன்னேன்: "திருச்செங்கோடு வரைக்கும் வாரேனுங்க அக்கா."