எல்லாரையும் கேட்டு வாங்கிய விசில்

குழந்தைக்கு எந்தப் பொம்மை வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் ஒன்றும் தோன்றாது. எதை வாங்கக் கூடாது என்று கேளுங்கள், வழியில் போகிறவர்கூட நின்று சொல்லிவிட்டுப் போவார். நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டுத் தொலைத்தவன்.

எண்பதுகளின் தொடக்கம். கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் சின்ன ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். ஆட்கள் பறித்து வரும் பழத்தை எடை போட்டு எழுதுவது என் வேலை. பெரிய ரைட்டர் அந்தோணிசாமியின் மகள் ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. (ஆசை எனக்கு மட்டும்தான். அதுவரை அவள் என்னிடம் பேசியது "அப்பா ஊட்டுல இல்லீங்க" என்பது ஒன்றுதான்.) பெண் கேட்கத் தைரியம் வராமல் விழித்துக்கொண்டிருந்தபோது, பெரிய ரைட்டரின் நாலு வயதுப் பேத்தி ரோசிக்குப் பிறந்தநாள் வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருங்க தம்பி" என்று அவரே கூப்பிட்டார். நல்ல பொம்மையாகக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி என்று நினைத்தேன்.

தப்பாக எதையும் வாங்கிவிடக் கூடாதே என்று பார்த்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டேன். கண்ணைச் சிமிட்டும் பொம்மை வேண்டாம், பிள்ளை பயந்துகொள்ளும் என்றார் டீக்கடைக்காரர். மரப்பொம்மையின் சாயம் வயிற்றுக்கு ஆகாது என்றார் கம்பவுண்டர். கோலி, பாசிமணி கூடவே கூடாது, விழுங்கிவிடும். தகரக் கார் கையைக் கிழிக்கும். பலூன் வெடிக்கும். துப்பாக்கியா, பொட்டப்புள்ளைக்கா? சரி, சொப்புச் சாமான் வாங்குகிறேன் என்றால், "ஏனுங்க, பொட்டப்புள்ளைன்னா சொப்புத்தானா?" என்று சர்ச் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையின் வீட்டம்மா சண்டைக்கே வந்துவிட்டார். ஒண்டிக்கடை பஜாருக்குப் போய்ச் சேர்ந்தபோது உலகத்தில் பொம்மை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

அங்கே பொம்மைக் கடைக்காரரிடம் அத்தனை 'கூடாது'களையும் ஒப்பித்தேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, பளபளவென்று ஒரு விசிலை எடுத்து வைத்தார்.

"கூர் கெடையாது, சாயம் கெடையாது, ஒடையாது, முழுங்கவும் முடியாதுங்க. ஊதுனா அந்த மலைக்குக் கேக்கும்."

கடைசியாகச் சொன்னதையும் அதன் பெருமை என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் வேலைக்குப் போகிற வழியிலேயே ரோசியிடம் கொடுத்துவிட்டேன். (சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. கதவைத் திறப்பது ஸ்டெல்லாவாக இருக்கும் அல்லவா?)

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் மேஸ்திரி நீளமாக விசில் ஊதினால், பறிப்பை நிறுத்திவிட்டு மூட்டையோடு எடைக்களத்துக்கு வர வேண்டும். சின்னதாக இரண்டு தடவை ஊதினால் திரும்பக் காட்டுக்குள் போக வேண்டும். தினமும் கேட்கிற விசில்தான். புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

அன்று பனிமூட்டம் வேறு. வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, நீளமாக ஒரு விசில். அத்தனை பேரும் கால் சாக்கும் அரைச் சாக்குமாக இறங்கி வந்துவிட்டார்கள். நானும் கடமை தவறாமல் தராசை மாட்டினேன்.

"என்னங்க மேஸ்திரி, இவ்வளவு சீக்கிரம்?"

"நானெங்கங்க ஊதுனேன்? நீங்கதான் புதுசா ஆளு வெச்சு ஊதறீங்கன்னு நெனச்சேன்."

"நானா?"

முதல் மூட்டையைத் தராசில் ஏற்றுவதற்குள் சின்னதாக இரண்டு விசில். எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். பாதி மேட்டில் மறுபடியும் நீள விசில். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பனிக்குள் முட்டிக்கொண்டார்கள். கீழே கொட்டிய பழம் யாருடையது என்று தகராறு. ஒரு அம்மா என்னைப் பார்த்து, "ரைட்டரே, நாங்க ஏறட்டுமா, எறங்கட்டுமா? ஒண்ணு சொல்லிப்போடுங்க சாமி!" என்று கத்தினார். "ஏறி இறங்குங்க" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பெரிய ரைட்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே ஸ்டெல்லா ரோசியைப் பிடித்து இழுத்து வந்தாள். பிள்ளையின் வாயில் விசில். ஊரே தன் பிறந்தநாளுக்கு ஓடி விளையாடுகிறது என்ற சந்தோஷம் முகத்தில்.

"யாரு கண்ணு இதைக் குடுத்தது?" என்றார் தாத்தா.

ரோசி என்னைக் காட்டினாள். வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரிய ரைட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, எதை வாங்கக் கூடாதுன்னு ஒருத்தரைக்கூடக் கேக்கலீங்களா?"

"எல்லாரையும் கேட்டேனுங்க."

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். பிறகு மேஸ்திரி, பிறகு மொத்தக் களமும். என் ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்ததோடு பெரிய ரைட்டரின் கோபம் அடங்கியது.

அடுத்த மாதம் ஒருவழியாகப் பெண் கேட்டேன். "இந்தக் குழப்படி ஆளா?" என்று அவர் இழுத்தபோது, உள்ளேயிருந்து ஸ்டெல்லா சொன்னாள்: "ஊர்ல ஒருத்தர் பேச்சையும் தட்டாம கேட்டிருக்காருங்கப்பா. எம்பேச்சை மட்டும் கேக்காமயா போயிருவாரு?"

இதை எங்கள் வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் யாராவது சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். சிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.