வாழைப்பழம் தின்றவர் உள்ளே வரக்கூடாது

மனுஷனை முகர்ந்து பார்த்து வேலைக்கு உள்ளே விட்ட ஆள் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பேர் மூக்கு. அசல் பேர் சம்பளம் கொடுத்த முதலாளிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரில் இப்போது கம்பெனி கம்பெனியாக நிற்கிற இடமெல்லாம் அப்போது வேலிக்காத்தான் புதர். அதற்கு நடுவே, பெங்களூர் ரோட்டோரம், ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம். அதுதான் எங்கள் குளிர்பதனக் கிடங்கு. இமாசலத்திலிருந்து லாரியில் வரும் ஆப்பிள் பெட்டிகளை அடுக்கி வைத்து, மெட்ராஸ் வியாபாரிகள் கேட்கிறபோது வெளியே எடுத்துக் கொடுப்போம். நான் ஆபீஸ் குமாஸ்தா. மூக்கு, குளிர் அறைகளுக்குக் காவல். வெயில் மண்டையைப் பிளக்கும். அவரோ கம்பளிச் சட்டையும் மங்கி குல்லாவுமாக அறைக் கதவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முகத்தில் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும்.

உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் அவர் முன்னால் நின்று வாயை ஊதிக் காட்ட வேண்டும்.

"காலைல இன்னா துன்னீங்க சார்?"

"இட்லி."

"அப்பாலிக்கா?"

"ஒரே ஒரு வாழைப்பழம்யா."

"அப்ப மத்தியானத்துக்கு மேல வாங்க."

காரணம் கேட்டால் பாடமே எடுப்பார். "ஆப்பிளு உசுரோடதான் கீது சார். மூச்சு வுடுது. குளிர்ல மெதுவா மூச்சு வுட்டுகினு மாசக்கணக்கா கெடக்கும். பக்கத்துல பழுத்த வாழை வந்துச்சுன்னா அதோட ஆவி பட்டு, இதுவும் அவசரப்பட்டுப் பழுத்து மாவாப் பூடும்." அது நிஜம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயிற்றுக்குள் போன வாழைப்பழமுமா ஆவி விடும்? அதையும் கேட்டேன். "ரிஸ்க் எதுக்கு சார்?" என்றார்.

கரன்ட் போனால் போதும், குளிர் வெளியேறாமல் இருக்கக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு பேங்க் மேனேஜரைக் கிடங்கு காட்ட அழைத்து வந்தார். மூக்கு எழுந்திருக்கவில்லை. "கரன்ட் வரட்டும் சார். இப்பத்தான் தூங்குதுங்க." பேங்க் மேனேஜர் கதவை மட்டும் பார்த்துவிட்டு, நல்ல கதவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோப்பம் தப்பியதும் உண்டு. அழுகல் வாடை வருகிறது என்று ஒரு நாள் முழுக்க எங்களைக் குளிரில் நடுங்கவிட்டு, பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்க்க வைத்தார். கடைசியில் பார்த்தால், அது வாட்ச்மேன் மாடியில் காயப்போட்ட கருவாடு. மன்னிப்பா கேட்பார்? "பழம் நல்லா கீதுன்னு தெரிஞ்சிச்சில்ல" என்றார்.

இந்த மனுஷனிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டியது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. "ஆப்பிள் கம்பெனியா? என்னிக்கு மூடுவானோ" என்று பெண் வீட்டார் நழுவிவிட்டார்கள். மூன்றாவதாக அமைந்தது பென்னலூர் ஏகாம்பரத்தின் மகள் செல்வி. அவளை ஒரு தடவைதான் பார்த்தேன். அன்றிலிருந்து ஆபீஸில் தப்புத் தப்பாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் மாட்டு வண்டி நிறைய வாழைத்தாரோடு கிடங்கு வாசலில் வந்து இறங்கினார். நிச்சயத்துக்கு வாங்கிய பழம் வெயிலில் முன்கூட்டியே பழுத்துத் தொலைக்கிறது. மாப்பிள்ளை கம்பெனியில் அவ்வளவு பெரிய ஐஸ் ரூம் இருக்கும்போது என்ன கவலை என்று வந்துவிட்டார்.

"ரெண்டு நாளு உள்ள வெச்சி குடுங்க மாப்ள."

அவர் கேட்டிருந்தால் மாட்டையும் சேர்த்து உள்ளே வைத்திருப்பேன். அதற்குள் மூக்கு ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். முதலில் தாரை முகர்ந்தார். பிறகு ஏகாம்பரத்தை முகர்ந்தார்.

"பெரியவரே, வண்டிய கேட்டுக்கு அந்தாண்ட ஓட்டுங்க."

"நான் யாரு தெரியுமா? இவருக்கு மாமனாரு."

"கவர்னரா இருந்தாலும் வாழைத்தாரோட வரக்கூடாது. உள்ள வெச்சா ஆப்பிளு கெட்டுப்பூடும். உங்க பழமும் குளிர் தாங்காம கருத்துப்பூடும். நிச்சயத்துக்குக் கரிக்கட்டையா தூக்கினு போவீங்க?"

"ரெண்டே நாள்தான்யா" என்று நான் கெஞ்சினேன்.

"உங்க நிச்சயம் ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிடும் சார். இந்தப் பெட்டிங்க பொங்கல் வரைக்கும் நிக்கணும்."

ஏகாம்பரம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். செல்வியும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். அன்று மூக்கை நான் திட்டாத திட்டு இல்லை. எல்லாம் மனசுக்குள்தான், கிட்டே போனால் முகர்ந்து பார்ப்பாரே.

மறுநாள் காலை கல்யாணத் தரகர் சைக்கிளில் வந்து இறங்கினார். கெட்ட சேதிதான் என்று நினைத்துக்கொண்டே வெளியே ஓடினேன்.

"ஏகாம்பரம் இன்னா சொன்னாரு தெரியுமா? 'பொண்ணு குடுக்கப் போற என்னையே கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டான்யா அந்தக் குல்லாக்காரன். அவன் கீற வரைக்கும் அந்தக் கம்பெனிய எவனும் மூட முடியாது. மாப்ளைக்கு வேலை கெட்டி. கல்யாணத்தையும் இந்த ஆவணியிலயே முடிச்சிடலாம்'னாரு."

அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. தரகருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராகக் கிடங்குக்குப் போனேன். மூக்கு முன்னால் நின்று, அவர் கேட்காமலேயே வாயை ஊதிக் காட்டினேன்.

கல்யாணத்துக்கும் மங்கி குல்லாவோடுதான் வந்தார். சீர்த்தட்டுகளில் வாழைப்பழத்தோடு இருந்த ஆப்பிளையெல்லாம் பொறுக்கி எடுத்து மண்டபத்தின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்து, என் அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கிடங்கு இப்போது இல்லை. மூக்கும் இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ரெண்டு பழமும் ஒரே தட்டில் இருந்தால், போகிறபோக்கில் ஆப்பிளை எடுத்துத் தள்ளி வைப்பேன். "வந்துட்டாரு மூக்கு" என்பாள் செல்வி. அதைக் கேட்கிற ஆசையில், சில நாள் நானே ரெண்டையும் சேர்த்து வைத்துவிடுகிறேன்.