செவுருதள்ளி அக்கா

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் அவர் கை வைத்துத் தள்ளாத சுவரே கிடையாது. தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கிற லயத்துச் சுவர், கோயில் சுவர், துரை பங்களாச் சுவர், எதையும் விட்டதில்லை. அடையாள அட்டையில் ஏதோ பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் செவுருதள்ளி அக்கா.

கொழுந்து பறிப்பவர். ஒருமுறை மலைச்சரிவில் கெண்டைக்கால் சதை கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே ஒரு பிசியோதெரபி மிஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முப்பது வரை எண்ணுவார். பிறகு அதே காலை முழங்காலில் லேசாக மடக்கி இன்னொரு முப்பது. வேலைக்கு ஏறும் முன்பும், இறங்கிய பின்பும்.

ஏற்கெனவே வெடித்துக் கிடக்கிற லயம், விழுந்தால் யார் கட்டுவது என்று கங்காணி அலுத்துக்கொண்டாராம். "விழுந்தாலாவது புதுசு கட்டித் தருவாங்கல்ல" என்றாராம் அக்கா.

ஒருநாள் பஜாரில் சுவர் கிடைக்காமல், நின்றிருந்த ஹட்டன் பஸ்ஸில் கையை ஊன்றிவிட்டார். பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை போல என்று நினைத்து நாலு பேர் வந்து சேர்ந்து தள்ளினார்கள். நாலு பத்தானது. பஸ் நகர்ந்தது. டீக்கடையிலிருந்து டிரைவர் பாதி வடையோடு ஓடிவந்தார். அக்கா அப்போதுதான் இருபத்தாறு எண்ணியிருந்தார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான என்னையும் அவர் விடவில்லை. தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடச் சொல்வார். வாசற்படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்கச் சொல்வார். திருத்த வேண்டிய பிள்ளைகளின் கொப்பிக் கட்டோடு மலை ஏறி இறங்கிய எனக்கு, சாயங்காலம் ஒரு தேத்தண்ணி வைக்கவே தெம்பிருக்காது. நாளைக்குச் செய்கிறேன் அக்கா என்பேன். அந்த நாளை ஒரு வருஷமாக வரவில்லை.

லீவு முடிந்த முதல் நாள். ஒரு மாதம் படுத்தே கிடந்த காலோடு, மணி அடித்துவிட்டதே என்று மேட்டில் ஓடினேன். பின்னங்காலில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. கால் ஊன்றவே முடியவில்லை.

பக்கத்து லயத்தார் எண்ணெய் போத்தலோடு வந்தார்கள். புது அடியைத் தேய்க்கவே கூடாது என்று அக்கா அதைத் தள்ளிவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றினார். கெண்டைச் சதை பாதி கிழிந்திருந்தது. குதிகால் தசைநாண் தப்பியது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர்.

வாரக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். இனி மலை ஏற முடியாவிட்டால் வேலை என்னாகும் என்கிற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. டாக்டர் பயிற்சிக்குச் சம்மதித்த நாளிலிருந்து, அக்கா வேலை முடிந்ததும் நேராக என்னிடம் வருவார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்க, நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவார். வலித்தால் நிறுத்தச் சொல்வார். சோம்பலுக்கு நிறுத்த விடமாட்டார்.

"நீங்க நடந்துருவீங்க டீச்சர். நான் நடக்கல?"

ஒரு மழைநாள், ஏழு வரை எண்ணியவர் எட்டுச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். நனைந்த சப்பாத்துக்குள் அவர் கால்கள் வீங்கியிருந்தன. மெல்லக் கழற்றினேன். விரலிடுக்கில் அட்டை கடித்த காயம். துண்டால் துடைத்து, ஸ்டூலில் என் தலையணையைப் போட்டு அந்தக் கால்களைத் தூக்கி வைத்துவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி வைக்க நொண்டியபடி அடுப்படிக்குப் போனேன்.